வாழைக்கன்று வாங்கப் போய்க் கை நனைத்த கதை

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால், "சோறு உண்ணலாம் வாங்க" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் உட்கார்ந்துவிடக் கூடாது. "இப்பத்தானுங்க உண்டுட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள். நாம் வயிற்றைத் தடவிக் காட்டி, இதில் இனி இடமே இல்லை என்று மறுக்க வேண்டும். அடுத்த தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போதுதான், சரி, உங்கள் மனம் கோணக் கூடாதே என்று நாம் பெரிய மனது பண்ணி உட்காரலாம். இத்தனைக்கும் நாம் உண்ணவில்லை என்பது கூப்பிட்டவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். (உண்மையிலேயே உண்டுவிட்டு வந்தவன் பாடுதான் திண்டாட்டம். அவனும் இதே வார்த்தையைத்தான் சொல்லியாக வேண்டும். ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.)

இது சாதாரண நாட்களுக்கான சட்டம். பெண் பார்க்கப் போகிற வீட்டில் சட்டம் வேறு. அங்கே எத்தனை தடவை கூப்பிட்டாலும், கையைப் பிடித்து இழுத்தாலும், மாப்பிள்ளை வீட்டுக்காரன் சோற்றில் கை வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், மோர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சோறு மட்டும் கூடாது. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால், சம்பந்தம் எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். வாயால் சம்மதம் சொல்வதும், தட்டு மாற்றுவதும், நாள் குறிப்பதும் பிறகு வரும் காரியங்கள். கை நனைத்தபோதே பேச்சு முடிந்துவிட்டது. கை நனைத்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தை எங்கள் ஊரில் வெகுநாள் வரைக்கும் பெயர் சொல்லியே ஏசுவார்கள்.

இது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்துதான் போனேன். போய், என் அண்ணன் நாச்சிமுத்துவின் கல்யாணத்தை ஒரு வேளைச் சோற்றில் முடித்து வைத்துவிட்டு வந்தேன்.

அப்போது யுத்த காலம். நான் சேலத்தில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். படித்த பாடங்களில் தர்க்கமும் ஒன்று. எல்லா மனிதர்களும் இறப்பவர்கள், இவன் மனிதன், ஆகவே இவன் இறப்பவன் என்கிற ரீதியில் போகும். அந்தப் பாடத்தைப் படிக்க ஆரம்பித்த பிறகு உலகத்தில் என்னைத் தவிர எல்லோரும் யோசிக்காமல் பேசுகிறார்கள் என்கிற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. லீவுக்கு ஊருக்கு வந்தால் அம்மாவிடம்கூடத் தர்க்கம் பண்ணுவேன். அம்மா களி கிண்டுகிற துடுப்பைத் தூக்கிக் காட்டுவாள். தர்க்கம் அதோடு முடிந்துவிடும்.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். புன்செய் பூமி. கம்பு, சோளம், நிலக்கடலை, ஆமணக்கு. கிணற்றில் மாடு கட்டி இறைத்தால் கொஞ்சம் மிளகாய். அரிசிச் சோறு என்பது நோம்பிக்கு நோம்பி கண்ணில் படுகிற பண்டம். (பண்டிகையை நாங்கள் நோம்பி என்போம்.) யுத்தம் வந்து அரிசிக்குக் கட்டுப்பாடும் வந்த பிறகு, நோம்பிக்கும் அது சந்தேகமாகிவிட்டது. சேலத்து விடுதியில் போட்ட சோற்றில் கல்லைப் பொறுக்கி எறிந்தால் மிச்சம் ஒரு கைப்பிடி தேறும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பின்னால் என்மேல் இரக்கப்படுவதற்கு உங்களுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

அண்ணன் குள்ளம். வீட்டில் யாரும் குள்ளம் என்று சொல்ல மாட்டோம், கட்டுமஸ்து என்போம். அதிகம் பேச மாட்டார். காலையில் கிணற்றடிக்குப் போனால் மாடுகளோடு மட்டும் ஏதோ பேசிக்கொண்டு தண்ணீர் இறைப்பார். அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தபோது பரமத்தி வேலூரிலிருந்து ஒரு தகவல் வந்தது. காவிரிக் கரையில் கொடிக்கால் போட்டு வெற்றிலை பயிர் செய்கிற மாரப்பன் வீட்டில் செல்லாயி என்று ஒரு பெண். நல்ல குடும்பம், நல்ல பெண், கொஞ்சம் உயரம். இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் எங்கள் அய்யனுக்குக் கவலை. (அப்பாவை நாங்கள் அய்யன் என்போம்.) ஊரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண் பார்த்துவிட்டு, அண்ணனைவிட உயரம் என்று திரும்பி வந்தால் இரண்டு வீட்டுக்கும் மானக்கேடு. அதனால் முதலில் ஆள் அனுப்பி, சத்தமில்லாமல் பார்த்து வரச் சொல்வது என்று முடிவாயிற்று.

இப்படிப் போகிறவர்கள் 'பெண்ணைப் பார்க்க வந்தோம்' என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. வேறு ஏதாவது ஒரு காரியம் வேண்டும். என் சின்ன மாமன், அம்மாவின் தம்பி, இந்த வேலையில் கைதேர்ந்தவர். தொலைந்துபோன மாட்டைத் தேடுகிறவர் மாதிரி போய் மூன்று நான்கு கல்யாணங்களுக்குத் துப்புக் கொண்டுவந்திருக்கிறார். (எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் மாடு எதுவும் தொலைந்ததே இல்லை.) வேலூருக்கு அவர் தீர்மானித்த காரியம் வாழைக்கன்று வாங்குவது. கிணற்றில் குடிக்கத் தண்ணீர் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிற எங்கள் ஊரில் வாழை வைக்கப் போகிறோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று நான் தர்க்கம் பேசினேன். நம்ப வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதுதான் முக்கியம் என்றார் மாமன். படித்த பிள்ளை கூட வந்தால் வீட்டுக்குக் கௌரவம் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸெல்லாம் கரி பஸ். பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓடும். மேடு வந்தால் ஓடாது. கண்டக்டர் கீழே இறங்கி நம்மை மரியாதையாகப் பார்ப்பார். நாம் இறங்கித் தள்ள வேண்டும். நாமக்கல்லுக்கு முன்னால் ஒரு மேட்டில் அப்படித் தள்ளும்போது மாமனின் கால் பிசகிக்கொண்டது. நாமக்கல்லில் தெரிந்தவர் வீட்டுக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்தோம். திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டே எனக்கு உபதேசம் செய்தார்.

"மாப்பிள்ளை, வாழைக்கன்னைப் பத்தி மட்டும் பேசு. பொண்ணு எந்திரிச்சு நின்னா, கதவு நெலைக்கு எவ்வளவு கீழ தலை வருதுன்னு பாத்துக்க. என்ன ஆனாலும் கையை மட்டும் நனைச்சுப்போடாதே."

எனக்குத் தெரியாதா மாமா என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பரமத்தி வழியில் இன்னும் இரண்டு மேடுகளில் பஸ்ஸைத் தள்ளினேன். விடிகாலையில் குடித்த கம்பங்கூழ் முதல் மேட்டிலேயே கரைந்து போயிற்று. வேலூரில் இறங்கியபோது உச்சி வெயில். புன்செய்க்காரனுக்கு அந்த ஊரைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் யாரும் இறைக்காமல் தானாக ஓடுகிறது. அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி ஏறி, உள்ளே போனால் வெயிலே தெரியாது. மாரப்பன் என்னைக் கொடிக்காலிலேயே எதிர்கொண்டார். ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். (தகப்பனைப் பார்த்ததும் அண்ணனை நினைத்து எனக்குக் கொஞ்சம் கலக்கம்.)

புதுச்சத்திரத்துப் பக்கமிருந்து வருகிறேன், வாழைக்கன்று வேண்டும் என்றேன். புதுச்சத்திரம் என்றதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அது விளங்கியதாக முகத்தில் காட்டிக்கொள்ளவே இல்லை. ஆனால் வாழையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளை அதற்குப் பிறகு எந்த வாழைக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. கிணறு எத்தனை, தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும், பூமியில் பங்காளிகள் யாராவது உண்டா, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் கள்ளு குடிப்பாரா, வீட்டில் பெரியவர்கள் கோபக்காரர்களா என்றெல்லாம் கேட்டார். நானும் வாழைக்காகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வாழையைப் பாக்கறதுக்குப் பொறுமையான ஆளு வேணுமுங்க தம்பி. உங்கண்ணன் எப்படிங்க?" என்றார்.

அண்ணன் மாட்டைக்கூட அடிக்க மாட்டார் என்றேன். அது சத்தியம். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க கன்னு கொஞ்சம் உசரமுங்க. காத்துக்குச் சாஞ்சுரும்னு சில பேரு வேண்டாம்பாங்க. ஆனா சாயாதுங்க."

அந்தக் குரல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது என் கவனம் அவர் குரலில் இல்லை. வீட்டுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, அதில் ரசம் கொதிக்கிற வாசனை இருந்தது.

வீட்டுக்குள் போனதும் அந்த அம்மாள், மாரப்பனின் மனைவி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கை நனைத்துவிட்டுப் போகலாமே என்றார். இப்போதுதான் உண்டுவிட்டு வந்தேன் என்றேன். மறுபடியும் கூப்பிட்டார். வயிற்றைத் தடவிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து என் வயிறு கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. அந்த அம்மாள் சத்தத்தைக் கேட்காத மாதிரி திரும்பிப் போய், உள்ளே சோற்றுப் பானையைத் திறந்தார்.

ஆவி பறந்தது. வெள்ளை வெளேரென்று நெல்லஞ்சோறு. அதில் ஒரு கல் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. தலைவாழை இலையைத் துடைத்து விரித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் தர்க்கம் குறுக்கே வந்தது. பெண் பார்க்க வந்தவன் கை நனைக்கக் கூடாது. சரி. நான் யார்? வாழைக்கன்று வாங்க வந்தவன். வாழைக்கன்று வாங்க வந்தவன் பெண் பார்க்க வந்தவன் அல்ல. ஆகவே நான் உண்ணலாம். அதோடு நிற்கவில்லை. நான் உண்ண மறுத்தால், பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்பது வெளியே தெரிந்துவிடும், மாமன் செய்த ஏற்பாடு கெட்டுவிடும். ஆகவே நான் உண்டே தீர வேண்டும். எங்கள் வாத்தியார் கேட்டிருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார். (உண்மையில் அந்த வருஷம் அவர் எனக்குத் தர்க்கத்தில் போட்ட மார்க்கை இங்கே சொல்லப் போவதில்லை.)

"மூணாந்தடவையாக் கூப்பிடறேனுங்க சாமி. கையை நனைக்கலாமுங்களா?" என்று அந்த அம்மாள் வாசற்படியில் நின்று கேட்டார். கேட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது.

"சரீங்க" என்று உட்கார்ந்தேன்.

முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறிற்று. மாரப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அந்த அம்மாள் பருப்பை ஊற்றினார், நெய்யை ஊற்றினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள், உயரம் என்று சொல்லிக் கை நனைக்காமல் போய்விட்டார்கள், எத்தனை இடம் தட்டிப்போகிறது என்று ஊரே எண்ணிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வாய் நிறையச் சோற்றோடு "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

மோர் ஊற்ற வேறொரு கை வந்தது. வளையல் போட்ட கை. நிமிர்ந்து பார்த்தேன். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதிரே நிற்கிற எல்லோரும் உயரம்தான். முகம் எங்கோ மேலே, புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், நிலை எனக்குப் பின்பக்கம். திரும்பினால் மோர் சிந்திவிடும். ஆகவே இலையையே பார்த்தேன். மோர் போதுமா என்று கேட்ட குரலுக்கு, இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடியும் ஊற்றினார். அதுவும் தீர்ந்ததும், மூன்றாவது தடவையாகச் செம்பைப் பார்த்தேன். மேலே எங்கோ ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்க நினைத்து அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. நல்ல சிரிப்பு.

திரும்பும்போது மாரப்பன் ஒரு பூவன் தாரும், வெற்றிலைக் கட்டும், மஞ்சளும், ஈரச் சாக்கில் சுற்றிய வாழைக்கன்று ஒன்றும் என்னிடம் கொடுத்தார். கன்று வாங்க வந்துவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாது என்றார். என்ன தங்கமான மனிதர்கள் என்று நினைத்தபடி, தாரைத் தோளில் போட்டுக்கொண்டு நாமக்கல் வந்து இறங்கினேன்.

மாமன் காலில் நொச்சி இலையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் தோளிலிருந்த தாரைப் பார்த்தார். வெற்றிலைக் கட்டைப் பார்த்தார். கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். மூக்கில் காய்ந்த ரசச்சோற்றுப் பருக்கை ஒன்று இருந்ததாக அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் இட்டுக்கட்டியது.

"உண்டுபோட்டயா?" என்றார்.

வாழைக்கன்று வாங்க வந்தவன் என்கிற முறையில் உண்டேன் என்று ஆரம்பித்துத் தர்க்கத்தை முழுவதும் எடுத்துச் சொன்னேன். மாமன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பிசகின காலால் என்னை எட்டி உதைக்கப் பார்த்து, வலி தாங்காமல் "அய்யோ" என்று கட்டிலில் சாய்ந்தார்.

வீட்டில் அன்று சாயங்காலம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அய்யன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாரைச் சுற்றிச் சுற்றி வந்து, இதை என்ன செய்வது, இதை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெண் எவ்வளவு உயரம் என்று கேட்டார். உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லை, ரசம் நன்றாக இருந்தது என்றேன். பையன் விவரம் தெரியாதவன், பசியில் உண்டுவிட்டான், பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிடலாம் என்றார் அய்யன். மாமன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் வெற்றிலைக் கட்டைப் பிரித்தபடியே வாயைத் திறந்தாள்.

"கை நனைச்சுட்டுப் போனவங்களும் வேண்டாம்னுட்டாங்கன்னா, அப்பறம் அந்தப் பொண்ணை ஆருங்க கேட்டு வருவாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை என்னுடைய பசி, என்னுடைய இலை, என்னுடைய தர்க்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இலையில் நான் தனியாக உட்காரவில்லை. என் கையோடு அண்ணன் கையும், அய்யன் கையும், செத்துப்போன எங்கள் பாட்டன் கையும் சேர்ந்து சோற்றைப் பிசைந்திருக்கின்றன. நான் மூன்றாவது தடவை மோர் கேட்டதில் ஒரு பெண்ணின் பேர் மாட்டிக்கொண்டது. அழுகை வந்துவிட்டது. படித்தவன் என்பதால் மாட்டுத்தொழுவத்துக்குப் போய் அழுதேன்.

அங்கே அண்ணன் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் மூக்கை உறிஞ்சுவதைக் கவனிக்காத மாதிரி ஒரு மாட்டுக்கு இரண்டு மாட்டுத் தீனியைப் போட்டார். அப்புறம் கேட்டார்.

"சிரிச்சாளா?"

சிரித்தார்கள், மூன்றாவது தடவை மோர் கேட்டபோது என்றேன். எப்படிச் சிரித்தார்கள் என்று கேட்டார். நான் சொல்லத் தெரியாமல், நல்லா என்றேன்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் மாரப்பன் வந்துவிட்டார். உறவு முறைகளோடு, தட்டு வரிசையோடு வண்டி கட்டி வருவார் என்று அய்யன் பயந்துகொண்டிருந்தார். அவர் தனியாக, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். அய்யன் எழுந்து போய் வாங்க என்றார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். அம்மா தயங்கித் தயங்கி, சோறு உண்ணலாம் என்றாள். வேண்டாமுங்க என்றார். அது முதல் தடவைக்கு எல்லோரும் சொல்கிற வேண்டாம் இல்லை. உட்காராமலே நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி பசில உண்டுச்சுங்க. அது எங்களுக்கே தெரியும்," என்றார். "அதைப் பேச்சுன்னு நாங்க எடுத்துக்கலைங்க. ஊட்டுக்காரி அக்கம்பக்கம் ஒரு வார்த்தை சொல்லலை. நீங்க சங்கடப்படாம உங்க இஷ்டம்போல பாருங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன். எம் பொண்ணுதானுங்க போயிச் சொல்லிட்டு வரச் சொன்னது. பசிச்ச புள்ளை உண்ட சோத்தை வெச்சு ஆரையும் கட்டிப்போடக் கூடாதுன்னு சொல்லுச்சு."

மாமன் காலை மறந்து எழுந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அங்கிருந்து அந்த மனிதரின் முகம் நன்றாகத் தெரிந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவிட்ட நிம்மதி அதில் இருந்தது. கூடவே, மகளுக்கு இந்த இடமும் போயிற்று என்கிற கவலையும் இருந்தது.

அப்போது கொல்லைப் பக்கமிருந்து அண்ணன் வந்தார். கையில் கடப்பாரை, முழங்கால் வரைக்கும் சேறு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் குழி பறித்து, நான் கொண்டுவந்த வாழைக்கன்றை நட்டிருந்தார். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் யாரும் வாழை நட்டதில்லை. பொண்டாட்டி விஷயம் இருக்கட்டும், பருத்திக் கொட்டை விஷயத்தில்கூட அய்யனைக் கேட்காமல் அண்ணன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று மாரப்பனைப் பார்த்து நேராகச் சொன்னார்.

"கன்னை நட்டாச்சுங்க மாமா. கையைக் கழுவிட்டு வாங்க, உண்ணலாம்."

மாரப்பன் கொல்லைக்குப் போய் அந்தக் கன்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாழைக்காரர் என்பதால், இன்னும் கொஞ்சம் மண் அணைக்க வேண்டும் என்று குனிந்து தானே அணைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு அன்று அரிசி கிடைக்கவில்லை. கம்பஞ்சோறும் கீரைக் கடைசலும்தான். காவிரித் தண்ணீரில் நெல்லஞ்சோறு உண்டு வளர்ந்தவர் அந்தக் கம்பஞ்சோற்றை மூன்று தடவை வாங்கி உண்டார். அய்யன் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் உண்டார். உண்டுகொண்டே இருவரும் வாழையைப் பற்றிப் பேசினார்கள். இந்தத் தடவை உண்மையாகவே வாழையைப் பற்றி.

கல்யாணம் நடந்தது. அண்ணி அண்ணனைவிட நாலு விரல்கட்டை உயரம். மணவறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது ஊரே பார்த்தது. அண்ணி யாரையும் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். நான் அன்றைக்கு மேலே எங்கோ கேட்ட அதே சிரிப்பு. அண்ணன் அந்த நாலு விரல்கட்டையை அதற்கப்புறம் ஒரு நாளும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பரணில் இருப்பதை எடுக்க மட்டும் அண்ணியைக் கூப்பிடுவார்.

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, அந்த வீட்டு வாசலுக்கு வருமுன்பே அண்ணி வண்டியை ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, தூக்குப்போசியைத் திறந்து எனக்குத் தயிர்ச்சோறு ஊட்டாத குறையாகக் கொடுத்தார். வயிறு நிறைந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மாடு நகர்ந்தது. (அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. வயிறு நிறைந்திருந்ததால் அதை வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. மிகவும் கஷ்டப்பட்டேன்.)

ஆனால் காலம் போகப் போக விஷயம் தலைகீழாகிவிட்டது. என் கைக்கு ராசி என்று யாரோ ஒருவர் கிளப்பிவிட்டார்கள். இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனாலும், பெண் பிடித்திருந்தால் பந்தியில் முதல் இலை எனக்கு. நான் கை நனைத்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். அப்படிப் போகிற நாட்களில் காலையில் அண்ணி எனக்குக் காப்பித்தண்ணியைத் தவிர வேறு எதுவும் தருவதில்லை. பசியோடு போனால்தான் ராசி என்கிறார். பல் போன வயதில் இது கொடுமை. கேட்பாரில்லை.

அண்ணன் நட்ட வாழை பக்கக் கன்று விட்டு, விட்டு, கொல்லையையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் அண்ணன் வீட்டுக்கு உண்ணப் போகிற அன்றைக்கு அதிலிருந்துதான் அண்ணி இலை நறுக்குவார். நறுக்கி விரித்துவிட்டு, கையில் கரண்டியோடு மேலே நின்றுகொண்டு, அவருக்கு மட்டும் இன்னும் சலிக்காத அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"சாமி, வாழைக்கன்னு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

நான் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து, வாழைக்கன்னுதானுங்க என்று சொன்னால்தான் இலையில் சோறு விழும். அண்ணன் பக்கத்து இலையிலிருந்து, தலை நிமிராமல், "அவனுக்கு மோரு சேத்தி ஊத்து" என்பார்.